சுமைக்காரியின் மூட்டை

தம்பி காரியமில்லாமல் கடைக்கு வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையில் கிடக்கும் சாக்கட்டியை எடுத்து உருட்ட ஆரம்பித்தால் காரியம் பெரியது என்று அர்த்தம். அன்றைக்கு உருட்டினான்.

அவளுடைய கடை ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், சாவி வெட்டுகிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. புதுத்துணி தைப்பதில்லை. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது, இவைதான் பிழைப்பு. இடுப்பைப் பிடிக்கச் சொல்லி வருகிறவர்களைவிடத் தளர்த்தச் சொல்லி வருகிறவர்களே அதிகம், ஊரே நன்றாகச் சாப்பிடுகிறது என்று ஒருகாலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள். தெருவில் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா. அந்தச் சிரிப்பு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சுமைக்காரி கதை ஞாபகம் இருக்காக்கா?"

"ஏன் இல்லாம? சாப்பிட அடம்பிடிச்சா அம்மா அதைச் சொல்லித்தானே மிரட்டும்."

"அதைப் படமா எடுக்கப் போறேன். குறும்படம்."

சுமைக்காரி கதை அவர்களுடைய அம்மா தெற்கேயிருந்து தன்னோடு கொண்டுவந்த கதை. நிறைமாதக்காரி ஒருத்தி தலையில் மூட்டையோடு வெயிலில் நடந்து போகிறாள். இறக்கி வைக்க ஒரு கை வேண்டும். எதிரே வருகிறவர்களையெல்லாம் கேட்கிறாள். ஒருவன் அவசரமாகப் போகிறேன் என்கிறான். இன்னொருவன் நீ யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டு நடையைக் கட்டுகிறான். கடைசியில் மூட்டையோடு நின்ற நிலையிலேயே செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு உச்சிவெயிலில் ஆளில்லாத சாலையில் நின்றுகொண்டு, "கொஞ்சம் இறக்கி விடுறீங்களா" என்று கேட்பாள். இறக்கிவிட்டால் தன்பாட்டுக்குப் போய்விடுவாள். கேட்காத மாதிரி நடந்தால் அந்தப் பாரம் நம் கழுத்தில் ஏறிவிடும், சாகும்வரை இறங்காது. அதற்குப் பயந்துதான் சாலையோரங்களில் நெஞ்சுயரத்துக்குச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், யாரையும் கேட்காமல் அவளே இறக்கிக்கொள்ளட்டும் என்று. கதை அவ்வளவுதான். மூட்டைக்குள் என்ன இருந்தது என்று அக்காவும் தம்பியும் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். "அது அவ மூட்டை, உனக்கென்ன வந்துச்சு" என்று அம்மா வாயை அடைத்துவிடும்.

"அம்மா சொல்லாம விட்டதை நான் சொல்லப் போறேன்," என்றான் தம்பி. "கடைசி ஷாட்டே அதுதான். கல்லு மேல மூட்டையை இறக்கி அவுக்கறா."

"உள்ள என்ன இருக்கு?"

"இப்பவே சொல்லிட்டா எப்படி?"

தம்பி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன். மாப்பிள்ளை சிரிக்காத இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, சிரித்த ஒரே இடத்தை நாலு தடவை போடத் தெரிந்தவன். சொந்தமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தான். இந்தத் தடவை எங்கோ ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பப் போவதாகவும், கூட வேலை பார்க்கும் கேமராக்காரப் பெண் சும்மாவே வந்து எடுத்துத் தருவதாகவும் சொன்னான். நடிக்க ஒரு நாடகக் குழுப் பெண் கிடைத்திருந்தாள். சுமைக்காரிக்கு உடை தைக்க வேண்டும். நைந்த சேலை, நிறம் போன ரவிக்கை.

"அப்புறம்..." சாக்கட்டி விரலுக்கு விரல் தாவியது. "ஒரு வயிறும் வேணும்க்கா."

அவள் தைத்துக்கொண்டிருந்த ஜிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவளுக்கு எட்டாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கியது. ஒரு காலை, வயிற்றில் அசைவு இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மயக்கம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது தொட்டில் இல்லை, அவள் தைத்து வைத்திருந்த சட்டைகளும் இல்லை. அதையும் கேட்கவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரர் இயல்பிலேயே வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். அதன்பிறகு அந்த எண்ணிக்கையும் குறைந்துபோனது. சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டினாயா, நாளைக்குத் தண்ணீர் வராதாம். இதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை.

"வயிறு வேற யார்கிட்டயாவது தைச்சுக்கோ," என்றாள்.

"சரிக்கா," என்றான் உடனே. பிறகு போகாமல் உட்கார்ந்தே இருந்தான்.

கடைசியில் அவள்தான் தைத்தாள். பஞ்சை அடர்த்தியாக வைத்து, அடிப்பக்கம் கொஞ்சம் இறங்கினாற்போல், முதுகில் நாடா கட்டி. சாவி வெட்டுகிறவர் எட்டிப் பார்த்து "தலகாணியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

படப்பிடிப்பு ஊருக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளைக்குப் போகும் மண்சாலையில். சுமைதாங்கிக் கல்லைப் பலகையில் செய்து சிமெண்ட் பூசியிருந்தார்கள். காற்றடித்தால் கல் ஆடியது. "பேய் வர்றதுக்கு முன்னாடி கல்லே ஓடிரும் போல" என்றாள் கேமராக்காரப் பெண். மூட்டைக்குள் மணல் நிரப்பியிருந்தது. நாடகக்காரப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடந்தாள். மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது என்று போன் வந்தது, அதற்கு மறுநாள் போனும் வரவில்லை.

தம்பி இடிந்துபோய்க் கடைக்கு வந்தான். உடையும் வயிறும் ஒரு பையில் இருந்தன. அவளிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. 

"உனக்கு அளவு சரியா இருக்கும்க்கா," என்றான் கடைசியில்.

"எனக்கு நடிக்கத் தெரியாதேடா."

"நடிக்க வேணாம். நடந்தாப் போதும்."

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடி, "உன் இஷ்டம்," என்றார். தடுத்திருந்தால் நின்றிருப்பாள். அவர் தடுக்கவில்லை என்பதாலேயே போனாள் என்றும் சொல்லலாம்.

முதல் நாள் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். நாடாவை முடிந்துவிட்டுச் சேலையை இழுத்துவிட்டதும், யாரும் சொல்லாமலே வலதுகை வயிற்றின் அடியில் போய்த் தாங்கிக்கொண்டது. கேமராக்காரப் பெண் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தம்பி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தான். மணலின் கனம் உச்சந்தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கிக் குதிகால்வரை போனது. அவள் நடந்தாள். சாலை வெள்ளையாகக் கொதித்தது. எதிரே வருகிறவனாக நடிக்க ஒரு ஆட்டோ டிரைவரைப் பிடித்து வந்திருந்தார்கள். அவனிடம் அவள் "கொஞ்சம் இறக்கி விடுறீங்களா" என்று கேட்க வேண்டும், அவன் கேட்காத மாதிரிப் போக வேண்டும். முதல் தடவை அவள் கேட்டதும் அந்த ஆள் நிஜமாகவே கையை நீட்டி மூட்டையைப் பிடித்துவிட்டான்.

"அண்ணே, நீங்க கண்டுக்காமப் போகணும்," என்றான் தம்பி.

"எப்படிங்க போறது? அந்தம்மா கேட்ட விதம் அப்படி இருக்கு," என்றான் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தபோது தாடை வலித்தது, அவ்வளவு நாளாகிவிட்டிருந்தது.

அந்த நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன என்பதுதான் உண்மை. காலையில் கடையைத் திறந்து இரண்டு பேண்டை முடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போவாள். வெயிலில் சுமந்துவிட்டு வந்த உடம்பு அடித்துப் போட்டாற்போல் தூங்கியது. கழுத்தில் நிஜமான வலி இருந்தது. தைலம் தேய்த்துக்கொள்ள முடிந்த வலி. தம்பியும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்தான், குடை பிடித்தான், "போதும்க்கா, உக்காரு" என்று மூட்டையை இறக்கிவிட்டான். அவளும் அவனும் இவ்வளவு நேரம் சேர்ந்து இருந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

ஒரு மதியம் அவள் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். பக்கத்தில் எங்கோ லிஃப்ட் வேலை, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருக்க வேண்டும். அவள் சாலையின் அந்தக் கோடியிலிருந்து தலையில் மூட்டையும் முன்னே வயிறுமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தார். பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி, நாளைக்குத் தண்ணீர் வராதாம் என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள், கடைசி ஷாட். தம்பி அன்று காலையிலிருந்தே சரியில்லை. யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தான். மூட்டையை அவனே கட்டிக்கொண்டு வந்திருந்தான். வழக்கத்தைவிட லேசாக இருந்தது.

"ஒத்திகை கிடையாதுக்கா. ஒரே தடவைதான். கல்லு மேல இறக்கற, முடிச்சை அவுக்கற, உள்ள இருக்கறதைப் பாக்கற. அப்புறம் உனக்கு என்ன தோணுதோ செய்யி. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாத."

"உள்ள என்னடா வச்சிருக்க? பாம்பு கீம்பு இல்லையே?"

அவன் சிரிக்கவில்லை.

அவள் நடந்து வந்தாள். மூட்டையைக் கல்லின் மேல் சாய்த்து இறக்கினாள். கல் ஆடியது, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் தளர்த்தினாள். துணி நான்கு பக்கமும் விழுந்தது.

உள்ளே சின்னச் சின்னச் சட்டைகள் இருந்தன.

முதலில் அவளுக்கு எதுவும் புரியவில்லை. யாரோ நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். மடிப்பு உள்ளே இருந்தால் பிஞ்சு உடம்பை உறுத்தும் என்று தையலை வெளிப்பக்கம் வைத்திருக்கிறார்களே, பொத்தானுக்குப் பதில் நாடா வைத்திருக்கிறார்களே என்று ஒரு கணம் தையல்காரக் கண்ணோடு பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையில் இருப்பது தன்னுடைய பழைய நீல ரவிக்கைத் துணி என்று தெரிந்தது. அடுத்தது ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போன திரைச்சீலைத் துண்டு. அதற்கடுத்தது தன் கல்யாணச் சேலையின் உள்பாவாடை.

அவள் அழவில்லை. ஒவ்வொரு சட்டையாக எடுத்தாள், உதறினாள், கையால் நீவி மடித்தாள், கல்லின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். கடையில் மடிக்கிற மாதிரியே மடித்தாள். கடைசியாக இருந்ததையும் மடித்து வைத்துவிட்டு மூட்டைத் துணிக்குள் கையை விட்டாள். ஒன்றுமில்லை. துணியைத் தூக்கி உதறினாள். மடித்து வைத்ததையெல்லாம் கலைத்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். வயிறு இடித்தது, ஒரு கையால் அதை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டு, கல்லடியில் மண்ணைத் துழாவினாள். எழுந்து, வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள், வழியில் விழுந்திருக்குமோ என்று.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு அவள் நேராகக் கேமராவைப் பார்த்து, அதற்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்து, "கட்டம் போட்டது எங்கடா?" என்று கேட்டாள்.

கேமராக்காரப் பெண்தான் முதலில் அசைந்தாள். நடிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தவள், அந்தக் குரலைக் கேட்டதும் கேமராவை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"எந்தக் கட்டம்க்கா?" என்றான் தம்பி. முகம் வெளுத்திருந்தது.

"கட்டம் போட்ட சட்டை. அவரோட பழைய சட்டையை வெட்டித் தைச்சது. இதுல இல்ல."

"எனக்குத் தெரியாதுக்கா. மாமா குடுத்தது இவ்வளவுதான். கண்ணுல படாம எங்கயாவது கொண்டுபோய்க் குடுத்துருன்னு சொன்னாரு. என்னால குடுக்க முடியல. கட்டிலுக்கு அடியிலயே வச்சிருந்தேன். தினம் அது மேலதான் படுத்தேன். அந்தக் குழந்தை எனக்கும்தான்க்கா... எனக்கும் அது போனதுதான்."

"அதனால?"



அவள் வயிற்றின் நாடாவை அவிழ்த்தாள். அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, சட்டைகளை எல்லாம் மூட்டைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் வரும் சாலைக்கு நடந்தாள். கேமராக்காரப் பெண் பின்னாலேயே ஓடிவந்து, "நான் கூட வரட்டுமாக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றாள். சுமைக்காரியின் சேலையிலேயே பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் கை கழுவுவது பெரிய வேலை. கிரீஸ் போக சோப்புத்தூளைப் போட்டு நகக்கண் நகக்கண்ணாகத் தேய்ப்பார். அவள் அடுக்களைவாசலில் வந்து நின்றாள். மூட்டையை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்டம் போட்ட சட்டை எங்கங்க?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் அவன்கிட்டக் குடுத்தீங்களாம். அது மட்டும் இல்ல."

"அவளுக்குப் போட்டுவிட்டேன்," என்றார்.

அவளுக்கு முதலில் அந்த ஒரு சொல்தான் கேட்டது. அவளுக்கு. இத்தனை நாள் அது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நினைக்காமலிருக்க முயன்றபோதும் அது என்றுதான் நினைக்காமலிருந்தாள்.

"பொண்ணா?" என்றாள்.

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பாங்கன்னு. நீ பேசல, அதனால நானும்..." கையைப் பார்த்தபடி தொடர்ந்தார். "ஆஸ்பத்திரித் துணியில சுத்திக் குடுத்தாங்க. பச்சைத் துணி. எனக்கு அது பிடிக்கல. கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, கையில முதல்ல வந்ததை எடுத்துட்டுப் போனேன். அது என் சட்டைத் துணின்னு போட்டுவிடும்போதுதான் பாத்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டேன்."

"அளவு தெரியாமத்தானே தைச்சேன்," என்றாள் அவள். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. அங்கேயே, அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். முகம் எப்படி, முடி இருந்ததா, யார் ஜாடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஞாபகம் இருந்ததைச் சொன்னார். மூக்கு உன்னோடது என்றார். அவர் அப்படி அழுது அவள் பார்த்ததே இல்லை. சோப்புத்தூள் காய்ந்து கையெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் குழந்தையைப் புதைத்த இடத்துக்குப் போனார்கள். பெரியவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல் இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு மதிலோரமாக ஒரு மூலை, அங்கே கல் எதுவும் இல்லை. அவர் மதிலில் ஒரு விரிசலை அடையாளம் வைத்திருந்தார். மதிலுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். விரிசலைக் காணவில்லை. முன்னும் பின்னுமாக நடந்தார், ஒரு இடத்தில் நின்றார், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்.

காவலாளி வந்து பார்த்தார். எப்போது என்று கேட்டார். சொன்னார்கள்.

"இங்கதான் இருக்கும், இந்த மதிலோரமா. ஆனா இதுக்கு மேல கேக்காதீங்கம்மா. இடம் பத்தல. சின்னதுங்களை ஒரு வருஷம் கழிச்சு அதே எடத்துலதான் மறுபடியும்..." என்று இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அவள் மதிலோரமாக அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தாள். நடந்து முடித்துவிட்டு, "போலாங்க," என்றாள்.

தம்பியிடம் போனில் பேசினாள். திட்டவில்லை. அந்த ஷாட் வேண்டாம், எடுத்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

"படமே அதுலதான் நிக்குதுக்கா."

"நிக்காட்டி விழட்டும்."

 பிறகு, "சரிக்கா, எடுத்துடறேன்," என்றான்.

சில மாதங்கள் கழித்து அவன் கடைக்கு வந்து, படம் விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறது, கண்டிப்பாக இரண்டு பேரும் வரவேண்டும் என்றான். அந்த ஷாட்டைப் பற்றி அவள் கேட்டாள். மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட்டேன் என்றான். சாக்கட்டியைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி வைத்துவிட்டான்.

அவள் வீட்டுக்காரர் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டார். "உன் மூஞ்சி லிஃப்ட் கதவு அளவுக்குத் தெரியும், பயந்துடப் போறேன்," என்றார். அந்த வீட்டில் இப்போது அந்த மாதிரிப் பேச்செல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்திருந்தது.

சின்ன அரங்கம், நிறைய ஆட்கள். விளக்கு அணைந்தது. வெள்ளைச் சாலை தெரிந்தது. தூரத்தில் ஒரு புள்ளியாக அவள் நடந்து வந்தாள். ஆட்டோ டிரைவர் கண்டுகொள்ளாமல் போனான். பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மூட்டை கல்லின் மேல் இறங்கியது. இங்கே முடிந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். திரையில் அவளுடைய பல் முடிச்சைக் கடித்தது.

துணி விழுந்ததும் அவர் கையை விட்டார். எழுந்து, முழங்கால்களை இடித்துக்கொண்டு, இருட்டில் வெளியே போனார். அவள் போகவில்லை. கடைசிவரை பார்த்தாள். அந்தப் பெண் மடிப்பதையும், கலைப்பதையும், மண்ணைத் துழாவுவதையும், சாலையைத் திரும்பிப் பார்ப்பதையும் பார்த்தாள். கட்டம் போட்டது எங்கே என்று கேட்பதற்குச் சற்று முன்னால் திரை இருண்டது.  பிறகு கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்.

வெளிக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தேடறது இருக்கே, அது எப்படிங்க வந்துச்சு உங்களுக்கு? யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள். கேட்டவள் கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. "ஒரு சட்டை கொறஞ்சுச்சு," என்றாள் இவள். அந்தப் பெண் புரியாமல் தலையாட்டினாள். கேமராக்காரப் பெண் ஒரு தூணோரமாக நின்றாள். "அந்த ஷாட்டை வெட்டிட்டேன்னுதான் எங்கிட்டயும் சொன்னாருக்கா," என்றாள் தலையைக் குனிந்தபடி.

தம்பி கடைசியாக வந்தான். கையில் யாரோ கொடுத்த பூங்கொத்து இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தான்.

"அக்கா, அதை வெட்டி எடுத்துத்தான் வச்சிருந்தேன். சத்தியமா. அது இல்லாமப் பாத்தா ஒண்ணுமே இல்லக்கா படத்துல. கடைசி நேரத்துல என்னால முடியல."

"என்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா," என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மூட்டையைக் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கலாம். இதுதான்க்கா உள்ள இருக்கு, அவுப்பியான்னு கேட்டிருந்தா அவுத்திருப்பேன். இல்ல, நேத்து வந்து கேட்டிருந்தாக்கூட. உனக்குத்தானேன்னு குடுத்திருப்பேன்."

வாசலில் அவள் வீட்டுக்காரர் பைக்கைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். அவள் போய் ஏறிக்கொண்டாள்.

படம் அதற்குப் பிறகு பல ஊர்களுக்குப் போனது. தம்பிக்குப் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது, கல்யாண வீடியோ பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவளுக்குச் சிறந்த நடிப்புக்கென்று எங்கோ ஒரு பரிசு கொடுத்தார்கள், அதை அவன்தான் போய் வாங்கினான். அதைக் கொடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். அவள் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அவள் ஒரு கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் பரிசை மேசையில் வைத்தான். பழைய கதைகளைப் பேசினான், அம்மாவைப் பற்றிப் பேசினான். அவன் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள், சாப்பிட்டாயா என்று விசாரித்தாள்.

"இன்னும் எம்மேல கோபம் போகலையாக்கா?" என்றான் கடைசியில்.

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"கோபமெல்லாம் இல்லடா. ஆனா நீ வாசல்ல செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டதும், வீட்டுல எதையோ எடுத்து ஒளிச்சு வைக்கணும்னு தோணுது. என்னன்னுதான் தெரியல."

அவன் மேசையில் இருந்த பரிசைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தான். பிறகு வரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் கத்தரியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.